திருநாள் தளிகையும் சமைத்தவர் பங்கும்

திருநாள் என்றால் திருவமுதும் உடன் வரும். எம்பெருமானுக்கு உகந்த நாட்களை நெஞ்சு மட்டுமன்றி நாவும் மறவாதிருக்கும்படி நம் முன்னோர் வகுத்து வைத்தனர். ஸ்ரீராமநவமி என்றவுடன் பானகமும் நீர்மோரும், ஸ்ரீஜயந்தி என்றவுடன் சீடையும் முறுக்கும், மார்கழி என்றவுடன் விடியற்காலைப் பொங்கலும், கூடாரவல்லி என்றவுடன் அக்காரவடிசிலும் நினைவுக்கு வருகின்றன. வேதமும் வேதாந்தமும் அறியாத சிறு குழந்தை, கையில் வைத்த ஒரு வெல்லச் சீடையின் வாயிலாகக் கண்ணன் பிறந்த நாளை அறிந்துகொள்கிறது. மரபு ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்லும் வழிகளில் அடுக்களையும் ஒன்று.

இத்தகைய தளிகையைப் பற்றிச் சிந்திக்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு. பெருமாள் அமுது செய்தருளினார். பந்தியில் அமர்ந்தோர் பிரசாதம் பெற்றனர். குழந்தைகள் உண்டு களித்தனர். இவ்வளவுக்கும் காரணமாக விடியுமுன் எழுந்து நீராடி அடுப்பின் முன் நின்றவர் எப்போது உண்டார்? யாருடன் உண்டார்? அவர் உண்ண அமர்ந்தபோது பாத்திரத்தில் எஞ்சியிருந்தது என்ன? வீட்டுக்குள் எழும் சிறிய கேள்வியாக இது தோன்றலாம். ஆயினும், எம்பெருமானுக்கு நாம் சமர்ப்பிப்பது எதனை என்னும் பெரிய கேள்வி இதற்குள் அடங்கியிருக்கிறது.

ஸ்ரீஜயந்தி நாளின் அடுக்களை

ஸ்ரீஜயந்தியன்று ஓர் இல்லத்தின் அடுக்களையை நோக்குவோம். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மாவாக்கிச் சலிக்க வேண்டும். உளுந்தை வறுத்து மாவாக்கிச் சேர்க்க வேண்டும். வெண்ணெய், எள், தேங்காய், உப்பு ஆகியவற்றை அளவறிந்து கூட்டிப் பிசைந்து, சிறு சிறு உருண்டைகளாக உருட்டித் துணியில் பரப்ப வேண்டும். சலிப்பதில் சிறிது கவனம் தவறினாலும், உருண்டையை அழுத்தி உருட்டிவிட்டாலும் ஆபத்துதான். காய்ந்த எண்ணெயில் இட்டவுடன் மேற்புறம் இறுகிவிடும். உள்ளே உள்ள ஈரம் ஆவியாகி வெளிவர வழியின்றிச் சீடை வெடிக்கும். கொதிக்கும் எண்ணெய் சிதறிக் கையிலும் முகத்திலும் படும். இது முடிந்தால் தட்டை, தேன்குழல், அப்பம் என்று வேலை நீளும்.

இவை அனைத்தையும் செய்பவர் அன்று உபவாசம் இருப்பவர். உப்புச் சரியாக உள்ளதா என்று நாவில் இட்டுப் பார்க்கவும் அவருக்கு உரிமையில்லை. எம்பெருமான் அமுது செய்வதற்கு முன் ஒருவரும் சுவைத்தலாகாது என்பது முறை. கண்ணாலும் கையாலும், நெடுநாள் பழக்கத்தாலுமே பதம் அறிய வேண்டும். இவ்வாறு தளர்ந்த ஒருவர், இரவில் திருவாராதனம் நிறைவுற்று எல்லோரும் உண்டெழுந்த பின்னர், அடுக்களையின் ஓரத்தில் தனியே அமர்ந்து எஞ்சியதை உண்ணுவது பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அதனைக் குறையென்று கருதுவோர் இலர். அவரும் அதனைக் குறையாகச் சொல்வதில்லை. சொல்லாமையால் குறை இல்லை என்றாகிவிடுமா?

கைங்கரியத்திற்குக் களைப்புண்டோ?

இவ்விடத்தில் பெரியோர் சிலர் ஒரு தடை எழுப்புவர். “எம்பெருமானுக்குச் செய்யும் பணி கைங்கரியம். கைங்கரியத்தில் இன்பமே உண்டு, களைப்பு ஏது? மேலும், பிறரை உண்பித்துப் பின் உண்பது இல்லறத்தாரின் உயர்ந்த நெறியன்றோ?” என்பர். இவ்விரண்டும் தள்ளத்தக்க கூற்றுகள் அல்ல, ஆழ்ந்து நோக்கத்தக்கவை.

முதலாவது, கைங்கரியம் இன்பமானது என்பது முற்றிலும் உண்மை. ஆனால் அவ்வின்பம் செய்பவருக்கு உரியது. ஒருவர் உவந்து தம் உடலை வருத்திக்கொள்வது பக்தி. மற்றொருவர் வருந்துவதைத் திண்ணையில் அமர்ந்து பார்த்து, “இது பக்தி” என்று பெயரிடுவது பக்தியன்று. பிறருடைய களைப்பை எடுத்துத் தம்முடைய காணிக்கையாக எம்பெருமான் திருமுன் வைக்க எவருக்கும் உரிமையில்லை. கைங்கரியத்தில் இன்பமே உண்டு என்பது மெய்யானால், அவ்வின்பத்தில் இல்லத்தார் அனைவரும் பங்கு கேட்டு முன்வர வேண்டுமன்றோ? மாவு சலிக்கவும், விறகடுப்பின் முன்னோ எரிவாயு அடுப்பின் முன்னோ நிற்கவும், பாத்திரம் துலக்கவும் போட்டியிட வேண்டுமன்றோ? இன்பம் என்று கூறி ஒருவருக்கே அதனை முழுதும் விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை ஐயத்திற்குரியது.

இரண்டாவது, பிறரை உண்பித்துப் பின் உண்பது. இதற்கு தர்ம சாஸ்திரத்தையே சான்றாகக் கொள்ளலாம். மனு ஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம், விருந்தினரும் சுற்றத்தாரும் பணியாளரும் உண்ட பின்னர் எஞ்சியதைக் கணவனும் மனைவியும் உண்ண வேண்டும் என்று விதிக்கிறது. மனைவி மட்டும் என்று அங்குக் கூறப்படவில்லை. இருவரையும் சேர்த்தே கூறியுள்ளது. அதே அத்தியாயம், புதிதாக மணமான பெண்கள், சிறுமியர், நோயுற்றோர், கருவுற்ற மகளிர் ஆகியோரை விருந்தினருக்கும் முன்பாகவே தயங்காமல் உண்பிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இறுதியில் உண்பது இல்லறத்தாரின் பெருமை என்றால், அப்பெருமை இருவருக்கும் பொது. தலைவன் முதற்பந்தியில் அமர்ந்து, தலைவிக்கு மட்டும் இறுதிப் பந்தியின் பெருமையை அளிப்பது சாஸ்திரம் அன்று. நாளடைவில் படிந்துவிட்ட பழக்கமே.

ஆண்டாள் காட்டிய பந்தி

பாவை நோன்பை நமக்குக் காட்டித் தந்தவள் ஆண்டாள். திருப்பாவை முப்பது பாசுரங்களுள் இரண்டாவது பாசுரம் நோன்பின் கட்டுப்பாடுகளைக் கூறுகிறது. நெய்யும் பாலும் விலக்கப்படுகின்றன. கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் விலக்கப்படுகின்றன. இரப்போர்க்கு ஈதல் கடமையாகிறது. இருபத்தேழாம் பாசுரத்தில் நோன்பின் பயன் வருகிறது. அணிகலன்கள் வருகின்றன, புத்தாடை வருகிறது, முழங்கை வரை நெய் வழியும் பாற்சோறு வருகிறது. அதனைத் தனித்தனியே பெற்றுச் செல்லாமல் ஒருங்கே இருந்து உள்ளம் குளிர வேண்டும் என்பதே அப்பாசுரத்தின் முடிவு.

இங்கு நுணுகி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. வைகறையில் தோழியரை எழுப்பியவர்கள், பனி நீரில் ஆடியவர்கள், நெய்யும் பாலும் விலக்கியவர்கள் யாரோ, அவர்களே அந்த விருந்திலும் அமர்கிறார்கள். நோன்பு ஒருவர்க்கும் விருந்து மற்றொருவர்க்கும் என்ற பிரிவு ஆண்டாளின் ஆய்ப்பாடியில் இல்லை. பாற்சோற்றின் இனிமையைக் காட்டிலும் அவள் வேண்டியது, உடன் நோற்றவர் ஒருவரும் விடுபடாத அந்தக் கூட்டத்தையே. அவ்வாறாயின், கூடாரவல்லியன்று அக்காரவடிசில் செய்தவர் ஒருவரை அடுக்களையில் விட்டுவிட்டு ஏனையோர் உண்ணும் பந்தி எவ்வளவு நிறைந்திருப்பினும் நிறைவுடையது ஆகாது.

அண்ணன் என்னும் பட்டம்

ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஒன்பதாம் திருமொழி திருமாலிருஞ்சோலை அழகரைப் பற்றியது. அதில் நூறு தடா நிறைய வெண்ணெயும் நூறு தடா நிறைய அக்காரவடிசிலும் அப்பெருமானுக்கு வாயால் நேர்ந்து வைத்ததாக அவள் கூறுகிறாள். அடுத்த பாசுரத்தில், அவன் வந்து இதனை ஏற்பானாகில் ஒன்றுக்கு நூறாயிரமாக அளித்து, மேலும் அடிமை செய்வேன் என்கிறாள். அவள் சொல்லால் நேர்ந்தது பொருளால் நிறைவேறாமல் நின்றது.

பல நூற்றாண்டுகள் சென்றன. 1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இராமானுசர், அந்தப் பாசுரத்தைத் தமக்கு இடப்பட்ட பணியாகவே கொண்டார். திருமாலிருஞ்சோலைக்குச் சென்று நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பித்தார். பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றபோது ஆண்டாள் அவரைத் தன் அண்ணனாக ஏற்று அழைத்தாள் என்பது குருபரம்பரை வழியாக வரும் செய்தி. ‘கோயில் அண்ணன்’ என்னும் திருநாமம் அவருக்கு இவ்வாறு அமைந்தது. இன்றும் கூடாரவல்லி நாளில் பல திருக்கோயில்களில் நூறு பாத்திரங்களில் அக்காரவடிசில் சமர்ப்பிக்கப்படுகிறது.

ஸ்ரீபாஷ்யம் இயற்றிய பேராசிரியர் அவர், மடத்தின் தலைவர், துறவி. ஆயினும் ஆண்டாளுக்கு அண்ணனாகும் பேறு அவருக்கு வாதத்தால் வந்ததன்று. ஒரு பெண்ணின் நிறைவேறாத தளிகையைத் தம் தலைமேல் ஏற்றதனால் வந்தது. தங்கை நேர்ந்துகொண்டாள், அண்ணன் நிறைவேற்றினான் என்பதே அந்த உறவின் இலக்கணம். வீட்டில் நிற்கும் அண்ணன்மாரும் தம்பிமாரும் கணவன்மாரும் மைந்தரும் இதிலிருந்து கற்க வேண்டியது உண்டு. அக்காரவடிசில் எளிதில் ஆவதன்று. பச்சரிசியையும் சிறிது பயற்றம்பருப்பையும் பாலிலேயே குழைய வேகவைக்க வேண்டும்; அடி பிடிக்காமல் நெடுநேரம் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும்; வெல்லமும் நெய்யும் சேர்ந்து திரண்டு வரும்வரை கரண்டியைக் கீழே வைத்தலாகாது. அந்தக் கரண்டியைச் சிறிது நேரம் வாங்கிக் கிளறுபவன், அந்த அளவுக்கு அண்ணன் என்னும் பட்டத்திற்கு உரியவன் ஆகிறான்.

ஆடவர்க்கு அடுக்களை ஆகாது என்று எவரேனும் கூறின், அவர் இத்திருநாளிலேயே திருமடைப்பள்ளியை எண்ணிப் பார்க்கட்டும். காஞ்சி வரதனுக்கு இட்லியும், அழகர்மலையானுக்குத் தோசையும், இன்னும் எண்ணற்ற திருத்தலங்களில் பொங்கலும் புளியோதரையும் சமைப்பவர் ஆடவரே. கோயிலில் பெரும் கைங்கரியமாக விளங்கும் ஒரு தொழில், வீட்டு வாயிலைத் தாண்டியவுடன் ஆடவர்க்குத் தாழ்வானதாக எப்படி மாறும்?

நெஞ்சம் ஒன்றாத விருந்து

இராமானுசரின் இளமையில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் மற்றொரு செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. திருக்கச்சி நம்பிகளைத் தம் இல்லத்தில் அமுது செய்வித்து, அவர் உண்டு எஞ்சியதைத் தாம் பெற வேண்டும் என்று அவர் விரும்பினார். நம்பிகளை அழைத்துவர அவர் ஒரு வழியே செல்ல, நம்பிகள் வேறு வழியாக வந்து உண்டு சென்றுவிட்டார். தங்கமாம்பாள் குலம் கருதி எஞ்சியதை அகற்றி, இடத்தைத் தூய்மை செய்து, மீண்டும் நீராடிப் புதிதாகச் சமைத்தாள். திரும்பி வந்த இராமானுசர் மனம் வருந்தினார்.

குல வேற்றுமை பாராட்டியது குற்றம் என்பதே இச்செய்தியின் முதற்கருத்து, அதில் ஐயமில்லை. இன்னொரு கருத்தும் இதில் உண்டு. விருந்துக்கு அழைத்தவர் ஒருவர், சமைத்தவர் மற்றொருவர். அழைத்தவரின் எண்ணம் சமைத்தவரின் நெஞ்சை எட்டவேயில்லை. உணவு குறைவற இருந்தது, விருந்து நிகழவில்லை. அடுப்பும் பந்தியும் வெவ்வேறு உலகங்களாகப் பிரிந்து நிற்கும் இல்லத்தில் எவ்வளவு உயர்ந்த நோக்கமும் இவ்வாறு சிதறிப்போகும்.

முறை குறைந்தால் மரபு அழியுமோ?

பங்கிட்டுச் செய்யவும் ஆள் இல்லாத இல்லங்கள் பல. மக்கள் தொலைதூரங்களில் வாழ்கின்றனர். முதியோர் இருவரே வீட்டில் உள்ளனர். பத்து வகைப் பட்சணம் செய்த கைகள் இப்போது நடுங்குகின்றன. “என் மாமியார் காலத்து முறை என்னோடு நின்றுவிட்டதே” என்று கண் கலங்கும் மூதாட்டியருக்கு என்ன விடை கூறுவது?

பகவத்கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணனே விடை கூறியிருக்கிறான். இலை, பூ, பழம், நீர் இவற்றுள் எதனை அன்புடன் அளித்தாலும் ஏற்பதாக அவன் வாக்களித்துள்ளான். அப்பட்டியலில் நாம் பெருமையாக எண்ணும் பட்சணம் ஒன்றும் இல்லை. ஒரு பிடி அவலும் சிறிது வெண்ணெயும் வைத்து முதியவர் இருவரும் சேர்ந்து சேவித்து, சேர்ந்து அமர்ந்து உண்டால் அந்த ஸ்ரீஜயந்திக்கு ஒரு குறையும் இல்லை. வகைகள் பத்திலிருந்து இரண்டாகக் குறைவதால் மரபு அழிவதில்லை. ஒருவரை வருத்திப் பத்தையும் நிலைநிறுத்தி, அதனால் அவர் திருநாளையே அஞ்சத் தொடங்கினால், அன்றுதான் மரபு அழியத் தொடங்குகிறது. தாயின் முகத்தில் திருநாளன்று சோர்வை மட்டுமே கண்டு வளரும் மகள், அந்தத் திருநாளைத் தன் இல்லத்திற்கு எடுத்துச் செல்ல விரும்புவாளா?

அதே கீதையின் மூன்றாம் அத்தியாயம், வேள்வியில் எஞ்சியதை உண்போர் பாவம் நீங்குவர் என்றும், தமக்காகவே சமைப்போர் பாவத்தையே உண்பர் என்றும் எச்சரிக்கிறது. தமக்காகச் சமைப்பது பாவம் என்றால், தமக்காகவே பிறரைச் சமைக்க வைத்து, அவருக்குப் பந்தியில் இடமும் தராமல் உண்பது எத்தகையது என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

மெய்யன்பர்களே! இத்திருநாளில் எம்பெருமானைச் சேவித்துப் பிரசாதம் பெற்று இல்லம் திரும்புங்கால், திருமடைப்பள்ளியில் உழைத்த கைங்கரியபரர்களையும் ஒருகணம் நினைப்போம். அடுத்த திருநாளில் நம் இல்லத்தில் இலை இடும்போது, சமைத்தவருக்கும் ஓர் இலையைச் சேர்த்து இடுவோம். அவர் வந்து அமரும்வரை ஏனையோர் காத்திருப்போம். பரிமாற வேண்டுமெனில் முறைவைத்துப் பரிமாறுவோம். அவ்வாறு ஒருவரும் விடுபடாமல் உண்டு உள்ளம் குளிர எம்பெருமானும் கோதை நாச்சியாரும் திருவருள் புரிவார்களாக.