பேச்சு நின்ற இடம்

பிளஸ் டூ முடிவு வந்ததும் பாளையங்கோட்டை வீடுகளில் தனியார் பல்கலைக்கழகக் கையேடுகள் குவிகின்றன. கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால், சேராமலே ஒரு கல்விக்கூடத்தை அறிய முடியுமா?

தாமிரபரணிக் கரை ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த புலவர் குமரகுருபரரும் 17ஆம் நூற்றாண்டில் தன் குருவை இப்படித்தான் தேடினார். எவர் முன்னே தன் பேச்சு தடைபடுகிறதோ அவரே குரு என்று அவருக்கு உணர்த்தப்பட்டதாக மரபு சொல்கிறது. தருமபுரம் ஆதீனத்தில் மாசிலாமணி தேசிகர் பெரியபுராணப் பாடல் ஒன்றுக்கு அனுபவப் பொருள் கேட்டார். மதுரையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேற்றிய இந்தப் புலவருக்கு நா எழவில்லை. தேசிகருக்கே சீடரானார்.

மடத்தின் பெருமையை விசாரித்து அவர் முடிவெடுக்கவில்லை. ஒரு கேள்வியில் தன் எல்லையைக் கண்டார். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரமும் தவத்தால் பக்குவப்பட்ட உயிருக்கு இறைவனே குருவாக வந்து உணர்த்துவதைப் பேசுகிறது.

ஆனால் கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்திடம் பக்குவம் வரும்வரை காத்திரு என்பது கொடுமை. இங்கே நன்னூல் என்னும் இலக்கண நூல் கைகொடுக்கிறது. அதை எழுதிய பவணந்தியார் மாணவனுக்கு இலக்கணம் சொல்லும் முன்பே ஆசிரியருக்குச் சொல்கிறார். ஆசிரியர் ஆகாதவர் யார் என்றும் வெளிப்படையாக எழுதிவிடுகிறார். ஆக, சோதித்துப் பார்க்கும் உரிமை மாணவனுக்கும் உண்டு. கட்டடத்தைச் சுற்றிக் காட்ட வருபவரிடம், நடக்கிற வகுப்பில் அரை மணி நேரம் உட்காரலாமா என்று அவன் கேட்கட்டும். கடைசி பெஞ்சில் எழும் சந்தேகத்துக்கு ஆசிரியர் எப்படி முகங்கொடுக்கிறார் என்று பார்க்கட்டும்.