டெண்டரில் மறைத்த பாறை

மதரஸாக் கட்டடத்துக்கு ஜமாஅத்தார் டெண்டர் கேட்கிறார்கள். ஐந்தடியில் கெட்டிமண், ஊற்று இல்லை என்று விவரத்தாள் கூறுகிறது. அதை நம்பிக் குறைந்த தொகை போட்டவருக்கு வேலை கிடைக்கிறது. வாணம் தோண்டினால் பாறை! கூடுதல் செலவு யாருடையது?

குற்றால மலையடிவாரத்தில் இது வீண் கேள்வியன்று. சித்திரையில் காய்ந்து கிடந்த குழியில் ஆனி, ஆடிச் சாரலின்போது தண்ணீர் ஊறும். எந்த மாதத்தில் தோண்டிப் பார்த்தது என்பதை மறைப்பதும் ஏமாற்றாகலாம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், ஈரம் தட்டியது. மழை பட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் வரும் இச்செய்தியில் வியாபாரி வாய்திறந்து பொய்யே சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

‘இடத்தை நேரில் பார்த்துக்கொள்வது ஒப்பந்தக்காரர் பொறுப்பு’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதுமா? விற்பவர் எக்குறைக்கும் தாம் பொறுப்பல்ல என நிபந்தனையிடுவதை ஹனஃபீ மத்ஹபு ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபோ, கால்நடையில் விற்பவரே அறியாத உட்குறையோடு அதை நிறுத்திவிடுகிறது. ஆயினும் அறிந்த குறையை மறைப்பது ஹராம் என்பதில் இரண்டுக்கும் பேதமில்லை. டப்ளின் நகராட்சியின் கழிவுநீர் வேலையில், பழைய சுவரொன்றின் நிலையை வரைபடம் தவறாகக் காட்டிய வழக்கிலும், அத்தகைய வரி மோசடிக்குக் கேடயமாகாது என்றே 1907இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை கூறிற்று.

ஒப்பந்தக்காரர்களும் மலக்குகளல்லர். பாறையைத் தெரிந்துகொண்டே குறைத்துப் போட்டு, பிறகு கைநீட்டுவோர் உண்டு. அவர் ஏமாறவில்லையே, எதைக் கேட்பார்?

உண்மையென நம்பித் தவறாக எழுதியவரோ பொய்யரல்லர். ஆனால் தக்க ஆதாரமின்றி உறுதியாகச் சொன்னால், நம்பியே சொன்னாலும் அது தவறான கூற்றுத்தான் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். குழி தோண்டாதவர் ‘தோண்டிப் பார்க்கவில்லை’ என்றே எழுதட்டும்.

‘வக்ஃபுப் பணத்தை மிச்சம் பிடிக்கத்தானே மறைத்தோம்’ என்பார்கள். மிச்சமானது யாருடைய பணம்? நஷ்டப்பட்டவர் கடைசியில் கொத்தனார், சித்தாள் கூலியில்தான் கைவைப்பார். பாறை உடைக்கும் நியாயமான கூலி வக்ஃபின் செலவே. உண்மையை எழுதியிருந்தாலும் அது கொடுக்க வேண்டியதுதான். மறைத்ததால் வந்த தாமதத்துக்கும் வீண் நஷ்டத்துக்கும், மறைத்தவர் தம் சொந்தப் பையிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதே நம் கருத்து.