கூலிக்கு மாரடித்தவள்

'கூலிக்கு மாரடிக்கிறான்' என்று நம்மிடையே ஒரு வசவு உண்டு. மனம் ஒட்டாமல் கோப்பைப் புரட்டும் குமாஸ்தாவைச் சொல்கிறோம். மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் புத்தகத்தை மூடும் ஆசிரியரைச் சொல்கிறோம். அண்மையில் என் நண்பர் ஒருவர் என்னையே சொன்னார். என் நாவல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தச் சாவு அத்தியாயம் இருக்கிறதே, இதில் நீங்கள் கூலிக்கு மாரடித்திருக்கிறீர்கள்" என்றார்.

அவர் நினைத்தபடி எனக்குக் கோபம் வரவில்லை. கூலிக்கு மாரடித்த ஒருத்தியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவளுடைய முகம்தான் கண்முன் வந்து நின்றது.

1969ஆம் ஆண்டு மார்கழியில் என் தந்தை காலமானார். திருவாரூருக்குத் தெற்கே எங்கள் கிராமம். நான் அப்போது கல்லூரியில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். தந்தி கிடைத்து, பஸ் பிடித்து, வீட்டு வாசலை மிதித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வெட்கம்தான் வந்தது. உள்ளே அம்மா தூணில் சாய்ந்து கல்லாய் உட்கார்ந்திருந்தாள். "ஒரு சொட்டுக்கூட அழவில்லையே, ஏதாவது ஆகிவிடப்போகிறது" என்று அத்தைமார் பயந்தார்கள்.

விடிந்ததும் நான்கு பெண்கள் வந்தார்கள். திண்ணையில் ஏற அவர்களுக்கு அனுமதி இல்லை. தெருவிலேயே வட்டமாக நின்று, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவர்களில் மூத்த ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், குரலெடுத்தபோது வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட மெல்லுவதை நிறுத்தினார்கள். ஊருக்கு ஒரு கிணறு வெட்டியவர் போய்விட்டார் என்று பாடினாள். அப்பா கிணறு எதுவும் வெட்டியதில்லை. ஆனால் அந்தக் குரல் நடையைத் தாண்டி உள்ளே போயிற்று. அடுத்த கணம் அம்மா வாய்விட்டு அலறினாள். அத்தைமார் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

என் மாமா பட்டணத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். "எல்லாம் நாடகம்! காசு கொடுத்தால் கழுதைக்குக்கூட அழுவார்கள்" என்று என் காதில் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. விஞ்ஞான மாணவன் அல்லவா? சோதித்துப் பார்த்துவிடுவது என்று வாசலில் இறங்கி, அந்த அம்மாளின் முகத்தருகே போய்ப் பார்த்தேன். கண்களிலிருந்து நீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

இதைப் பிற்பாடு டார்வினின் நூலில் படித்தபோது என் சோதனையை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை எவ்வாறு வெளிக்காட்டுகின்றனர் என்று 1872இல் அவர் எழுதிய நூலில் ஒரு செய்தி வருகிறது. அவருடைய குழந்தைக்கு 77 நாள் ஆகியிருந்தபோது, அவரது கோட்டுக் கைமுனை தவறுதலாக அதன் ஒரு கண்ணில் உரசிவிட்டது. குழந்தை வீறிட்டு அழுதது. உரசிய கண்ணில் மட்டும் நீர் வந்தது. மற்றக் கண் வறண்டே இருந்தது. பச்சைக் குழந்தைகள் முதல் சில வாரங்கள் கண்ணீரில்லாமலேதான் அழுகின்றன. ஓலம் பிறவியிலேயே வந்துவிடுகிறது. துக்கக் கண்ணீர் பிறகுதான் வந்து சேருகிறது.

நம் கண்ணில் ஊறும் நீரை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். விழி உலராமல் எந்நேரமும் கசிந்துகொண்டிருப்பது ஒன்று. தூசியோ வெங்காயக் காரமோ பட்டதும் பெருகுவது இரண்டாவது. நெஞ்சு கலங்கி வருவது மூன்றாவது. பென்சிலினைப் பிறகு கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், கண்ணீருக்குக் கிருமிகளைக் கரைக்கும் சக்தி இருப்பதை 1922இல் எழுதினார். அந்த ஆராய்ச்சிக்குக் கண்ணீர் நிறைய வேண்டியிருந்தது. எலுமிச்சைத் தோலைக் கண்ணில் பிழிந்து சேகரித்தார்கள். ஆய்வுக்கூடப் பையன்களுக்குத் தடவைக்கு மூன்று பென்னி கொடுத்ததாகச் சொல்வார்கள். லண்டனிலும் கூலிக்கு அழுதவர்கள் இருந்தார்கள் போலும்! ஆனால் அவர்களை யாரும் நடிகர்கள் என்று ஏசவில்லை.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. 1981இல் அமெரிக்காவில் வில்லியம் ஃப்ரே என்பவர், துயரத்தில் வரும் கண்ணீரையும் வெங்காயத்தால் வரும் கண்ணீரையும் ஒப்பிட்டு, முன்னதில் புரதம் மிகுதி என்று வெளியிட்டார். அழுதால் உடம்பிலுள்ள நஞ்சு கழிகிறது என்ற ஊகமும் அதையொட்டிப் பரவியது. அது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. எனக்கு வியப்பளித்தது வேறொன்று. அசல் துயரக் கண்ணீரைச் சேகரிக்க அவர் என்ன செய்தார் தெரியுமா? மக்களை உட்காரவைத்துச் சோகமான சினிமாப் படங்களைக் காட்டினார்! திரையில் சாகிறவன் நடிகன். அவனுக்காக அழுகிற நடிகை சம்பளம் வாங்குகிறவள். அதைப் பார்த்து வடித்த நீரைத்தான் விஞ்ஞானம் 'உள்ளத்தின் கண்ணீர்' என்று குப்பியில் அடைத்துப் பெயரெழுதி வைத்தது. என் மாமா அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

வாசகர்களாகிய உங்களையே கேட்கிறேன். பிறக்கவே பிறக்காத ஒரு கதாநாயகி கடைசி அத்தியாயத்தில் கண்மூடியபோது நீங்கள் தலையணையை நனைத்ததில்லையா? அந்தக் கண்ணீரைப் பொய் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

கூலிக்கு அழுவதைத் தடுக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் பழங்காலத்திலும் உண்டு. ஏதென்ஸ் நகரத்துச் சோலோன், கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாவு வீட்டில் பெண்கள் உடம்பைக் கீறிக்கொண்டு அழுவதற்குக் கட்டுப்பாடு விதித்தான். ரோமாபுரியின் பன்னிரண்டு பட்டயச் சட்டமும் கன்னத்தைப் பிறாண்டி ஓலமிடுவதைத் தடுத்தது. ஆனாலும் கூலிக்கு அழும் பெண்கள் ரோமாபுரியில் இருந்துகொண்டேதான் இருந்தார்கள். தெருவில் எழும் ஓலத்தைக் கேட்டால் ஆள்பவர்களுக்கு ஏதோ ஓர் அச்சம் போலும்.

தொல்காப்பியர் இவர்களைப் போல் அஞ்சவில்லை. எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையையும் ஒன்றாக வைத்து, அது நான்கு காரணங்களால் பிறக்கும் என்றார்: இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை. கல்லூரியில் தமிழாசிரியர் இதை நடத்தியபோது, சாவுதானே அழுகைக்குக் காரணம், இந்த வறுமையும் இழிவும் எதற்கு என்று நான் அசட்டையாக இருந்தேன். பாடம் என்னவோ மனப்பாடமாகிவிட்டது. புரிந்தது எங்கள் வாசலில்தான்.

அன்று எல்லாம் முடிந்து, பெண்களுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. ஆளுக்கு இரண்டு மரக்கால் நெல், மூன்று ரூபாய். என்னைவிட முப்பது வயது மூத்தவளை 'நீ' என்றுதான் அழைத்தேன். எங்கள் தெருவின் வழக்கம் அது. இன்று எழுதக் கூசுகிறது. "எங்கப்பாவை உனக்கு என்ன தெரியும்? எப்படி இப்படி அழ முடிகிறது?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையை விரித்துப் பிடித்தபடி சொன்னாள்: "பெரியய்யாவைக் களத்துலே தூர நின்னு பாத்ததுதான், சின்னய்யா. அழுவறதுக்கு எனக்கு ஆளா இல்லே? ரெண்டு புள்ளையை வாரிக் குடுத்தவ நான். எங்க வூட்டுலே குந்தி அழுவ நேரம் ஏது? விடிஞ்சா நடவு, களையெடுப்பு. இப்படி எங்கனாச்சும் வந்தாத்தான் மனசாற அழுவ முடியுது."

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

இஸபெல் கிளார்க்-டெசே என்னும் மானிடவியல் அறிஞர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தங்கி, ஒப்பாரியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 2005இல் வெளிவந்தது. இறந்தவனுக்காக யாரும் அழுவதில்லை என்பதே அதன் தலைப்பு. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் தங்கள் தங்கள் இழப்புகளைத்தான் பாடுகிறார்கள் என்பதை அவர் கூர்ந்து கேட்டு எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. மூன்று ரூபாய்க்கு அந்தப் பாடத்தை நான் முன்பே கேட்டுவிட்டேன்.

இதை வைத்து அந்த வழக்கத்தை நான் புகழ்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருத்தி தன் பிள்ளைகளுக்காக அழுவதற்கு அடுத்தவன் வீட்டுச் சாவு வரவேண்டியிருந்தது என்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இன்ன குலத்தில் பிறந்தவள் இன்னார் வாசலில் அழவேண்டும் என்பது அவளாகத் தேர்ந்த தொழிலும் அல்ல. எங்கள் ஊரில் இன்று யாரும் அந்த வேலைக்கு வருவதில்லை. வராததே சரி. ஆனால் அவள் அழுதது பொய் என்று சொன்ன என் மாமாவை என்னால் ஏற்க முடியவில்லை. கூலி அவளை எங்கள் வாசலுக்கு வரவழைத்தது, அவ்வளவுதான். நீர் அவளுடைய ஊற்றிலிருந்து வந்தது. அது போய் என் அம்மாவின் நெஞ்சில் அடைத்திருந்த கல்லைப் பெயர்த்தது. அம்மாவின் கண்ணீராவது அப்பாவுக்கானதா, அல்லது அவளுக்கும் வேறு யாராவது இருந்தார்களா என்று நான் கேட்டதில்லை.

துக்கப்படுவதால் அழவில்லை, அழுவதால்தான் துக்கம் உண்டாகிறது என்று வில்லியம் ஜேம்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர் 1884இல் ஒரு கட்டுரை எழுதினார். தலைகீழாகத் தோன்றும். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன்.

1983இல் ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம், கதைப்படி, கதாநாயகனின் தந்தை சாகவேண்டும். ஆசிரியர் குழுவிலிருந்து ஆள் வந்து வாசலில் காத்திருந்தான். அவசர அவசரமாக எழுதினேன். கிழவரின் கால்கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டுகிற இடம் வந்ததும் பேனா நின்றது. எழுத்தின் மேல் நீர் சொட்டி மை கலைந்தது. பதினான்கு வருஷம் கழித்து, கதையில் வரும் யாரோ ஒரு கிழவருக்காக நான் விம்மி விம்மி அழுதேன். என் மனைவி ஓடிவந்து, "என்ன ஆயிற்று உங்களுக்கு?" என்று பதறினாள். "ஒன்றுமில்லை, கதை" என்றேன்.

நண்பர் குறை சொன்ன அத்தியாயம் அதுதான்.

அடுத்த வாரம் மணியார்டர் வந்தது. தபால்காரர் நூற்றைம்பது ரூபாயை எண்ணி என் கையில் வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: அன்று அந்த அம்மாளின் முந்தானையில் நெல் அளந்தபோது, மரக்காலைக் குவித்து அளக்காமல், தலை தட்டித்தான் போட்டேன்.