வாக்களித்தவர் கைவிடார்



"நான் மோட்சம் சேருவேனோ?" படுக்கையில் கிடக்கும் முதியோர் பலர் இப்படிக் கேட்டுக் கலங்குகின்றனர். அக்கலக்கம் நமக்கும் இல்லாமலில்லை.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமில்லையென்றனர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நம் முன்னோர் பூசையின்றி, பாவசங்கீர்த்தனமின்றி வாழ்ந்தனர். மரணவேளையிலும் அருகில் குருவானவர் இல்லை. அப்படி மரித்தவர்களை ஆண்டவர் மறந்தாரா? இல்லை. உலக முடிவுவரை தம்மவரோடு இருப்பதாக வாக்களித்தவர் அவர்.

1687இல் கோவாவிலிருந்து ஒருவர் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கழுத்திலே செபமாலை, வாசல்வாசலாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு எந்தக் கண் கலங்குகிறது என்று தேடினார். விசுவாசம் அணையாதிருக்கக் கண்டார். சில்லாலையில் தங்கி இரவிலே இரகசியமாய்ப் பூசை ஒப்புக்கொடுத்தார். அவரே 2015 சனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்திய யோசேவாஸ் அடிகளார்.

பிரியமானவர்களே, நமது மீட்பு நம் தகுதியில் அல்ல, வாக்களித்தவரின் உண்மையிலே தங்கியிருக்கிறது. நல்லாயனின் கையிலிருந்து ஆடுகளை யாரும் பறிக்க முடியாது. ஆனால் ஆடு தானே விலகி ஓடலாம். ஆகவே, எப்படியும் வாழலாம் என்று துணிவதும் பாவம். எனக்கு மன்னிப்பே இல்லையென்று அவநம்பிக்கை கொள்வதும் பாவம். விழுந்தவர் எழுந்து பாவசங்கீர்த்தனத்துக்கு வரட்டும். அந்த முப்பது ஆண்டுகளில் நம்மவர் ஏங்கிய வரம், இன்று நமக்கு ஆலயத்திலே காத்திருக்கிறது.

இன்றிரவு செபமாலை முடிந்ததும், வீட்டிலுள்ள முதியவரின் கையைப் பிடித்துச் சொல்லுங்கள்: "வாக்களித்தவர் கைவிடார்."