எந்த டிகிரியில் தொடங்குகிறது விதி?

கப்பலுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் எஞ்சின், கப்பல் 15 டிகிரி சாய்ந்து நின்றாலும் ஓட வேண்டும். அலையில் பக்கவாட்டில் 22.5 டிகிரி வரை உருண்டு, அதே வேளையில் முன்னும் பின்னும் 7.5 டிகிரி ஏறி இறங்கினாலும் ஓட வேண்டும். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக உடன்படிக்கையான சோலாஸ் இப்படிச் சொல்கிறது. அவசர ஜெனரேட்டருக்குச் சட்டம் இன்னும் கடுமை. கப்பல் 22.5 டிகிரி சாய்ந்து அப்படியே நின்றுவிட்டால்கூட அது முழுச் சக்தியோடு ஓட வேண்டும். மற்ற எல்லாம் அடங்கிய பிறகும் அந்த ஒரு எஞ்சின் உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் எழுதிய சட்டம் அது.

தரையில் ஓடுவதற்காகச் செய்த டீசல் எஞ்சின்களைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றும் ஒரு கோவைப் பட்டறையில் வேலை செய்கிறேன். அவற்றுக்கு ஆயில் சம்ப்பும் மவுண்டிங்கும் வரைவது என் பொறுப்பு. மீன்பிடி விசைப்படகுக்குச் சோலாஸ் கட்டாயமில்லை. ஆனாலும் அந்த 22.5 என்ற எண்ணையே வரைபடத்தின் மூலையில் எழுதுகிறேன். எழுதும்போதெல்லாம் ஒரு கேள்வி கூடவே வந்து நிற்கிறது. 22.5 டிகிரி வரை நான் பொறுப்பு. 23-க்கு யார் பொறுப்பு?

நான் தூத்தூர் கரையில் பிறந்தவள். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குத் தயாராக ஒரு பதில் உண்டு: ஆண்டவருடைய சித்தம். மற்றவர்கள் ஊழ் என்பார்கள், தலையெழுத்து என்பார்கள். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் எழுதி வைத்தார்; எது பெரிது என்று பட்டிமன்றங்களில் இன்னும் பேசி முடியவில்லை. எனக்கு அந்த வாதத்தில் ஆர்வமில்லை. என் கேள்வி அதைவிடச் சிறியது. சித்தம் என்ற சொல்லை எந்த இடத்திலிருந்து பயன்படுத்த எனக்கு உரிமை உண்டு?

முதலில் சம்ப்பைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி அது. மெக்கானிக்குகள் சேம்பர் என்பார்கள். அங்கே தேங்கும் எண்ணெயைப் பம்ப் உறிஞ்சி கிராங்க் பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. அது அங்கிருந்து வழிந்து மறுபடி கீழே விழுகிறது. ஓடுகிற எஞ்சினில் கிராங்க் தண்டு பேரிங்கைத் தொடுவதே இல்லை. நடுவில் எண்ணெய்ப் படலம் ஒன்று அத்தனை பாரத்தையும் தாங்குகிறது. சில இடங்களில் அதன் கனம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. உறிஞ்சுகுழாயின் வாய் எண்ணெய்க்கு வெளியே வந்துவிட்டால் பம்ப் காற்றைக் குடிக்கும், அழுத்தம் விழும். பாதுகாப்பு சுவிட்ச் எஞ்சினை நிறுத்தும். நிறுத்தவில்லையென்றால் பேரிங் உருகிப் பிடித்துக்கொள்ளும்.

படகு சாயும்போது எண்ணெய் கூடவே சாய்வதில்லை. சம்ப்தான் சாய்கிறது, எண்ணெயின் மேற்பரப்பு மட்டமாகவே நிற்கப் பார்க்கிறது. 400 மில்லிமீட்டர் அகலமுள்ள சம்ப்பை 22.5 டிகிரி சாய்த்தால் ஓர் ஓரத்தில் மட்டம் 83 மில்லிமீட்டர் ஏறும், மறு ஓரத்தில் அதே அளவு இறங்க வேண்டும். உள்ளே 60 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் எண்ணெய் இருக்கிறது என்றால் இறங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. அடித்தகடு வெளியே தெரியும். அதே நேரத்தில் நட்டநடுவில் என்ன ஆழம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 58 வரும். இடப்பக்கம் சாய்த்தாலும் 58, வலப்பக்கம் சாய்த்தாலும் 58. நடுவிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி ஒரு குழாயை வைத்திருந்தால், அந்தப் பக்கம் மேலே தூக்கும்போது அது காற்றில்தான் நிற்கும். இது நின்ற சாய்வுக்கான கணக்கு. உருளும் படகில் எண்ணெய் அலைபாயவும் செய்யும். ஏறும் பக்கத்தில் கிராங்கில் அடிபட்டு நுரையாகும். அதனால் குழாயின் வாயை நடுவில் வைத்து, அதற்குக் கீழே சிறு பள்ளம் தோண்டி, சுற்றிலும் தடுப்புத் தகடு போடுகிறோம். தகட்டில் உள்நோக்கி மட்டும் திறக்கும் சிறு கதவுகளை வைத்தால் எண்ணெய் பள்ளத்துக்குள் வரும், திரும்பிப் போகாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஏன் எல்லாச் சம்ப்பையும் ஆழமாகச் செய்யக்கூடாது? இடம்தான் காரணம். தூத்தூர்ப் படகுகள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவை. எஞ்சின் அறையில் ஒரு சாண் மிச்சமானால் அது மீன் அறைக்குப் போகும். எங்கள் ஊர்ப் படகுக்காரர் ஒருவர், எனக்கு மாமா முறை, வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மக்களே, மீனுக்கு எடம் வேணும்லா? லைட்டு எரிக்கிற எஞ்சினுக்கு எதுக்கு இம்புட்டு ஒசரம்?" அவர் கேட்டது நியாயம். அந்த இடம் ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணம். ஆனால் உயரத்தைக் குறைத்து அதே அளவு எண்ணெயை வைக்க வேண்டுமென்றால் சம்ப்பை அகலமாக்க வேண்டும். அகலம் கூடினால் சாய்வின் பாதிப்பும் கூடும். எண்ணெயின் அளவைக் குறைத்தாலோ அது சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கெடும். உயரத்தில் நான் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் டிகிரிக் கணக்கில் எங்கோ கழிக்கப்படுகிறது. அந்தக் கழிவு யார் தலையில் விழும் என்பதை வரைகிற மேசையில் இருந்தே தீர்மானித்துவிடுகிறோம். கடல் அதற்குப் பிறகுதான் வருகிறது.

2019 மார்ச் 23 அன்று நார்வேயின் ஹுஸ்டாட்விகா கடற்பகுதியில் நடந்ததை என் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் படிக்க வேண்டும். 'வைக்கிங் ஸ்கை' என்ற பயணிகள் கப்பல், 1,373 பேரோடு புயலில் போய்க்கொண்டிருந்தது. நான்கு டீசல் ஜெனரேட்டர்களில் ஒன்று டர்போசார்ஜர் கோளாறால் முன்பே நின்றிருந்தது. மற்ற மூன்றும் பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னால் அடுத்தடுத்து நின்றன. அந்தக் கப்பலைத் தள்ளுவதும் மின்சாரம்தான். கப்பலுக்குள் இருள் மூடியது, கப்பல் பாறைக் கரையை நோக்கி ஒதுங்கத் தொடங்கியது. கரைதட்ட ஒரு கப்பலின் நீளம்கூட மிச்சமில்லாத நிலைவரை போய்விட்டுத்தான் மீண்டது. ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராக 479 பேரைத் தூக்கிக் கரை சேர்த்தன.

ஆராய்ந்தவர்கள் கண்டது இது: சம்ப் தொட்டிகளில் எண்ணெய் குறைவாக இருந்தது. கப்பல் ஆடிய ஆட்டத்தில் பம்புகளுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. அன்று காலையிலேயே மட்டம் குறைவு என்று எச்சரிக்கை மணிகள் அடித்து, சில நொடிகளில் அடங்கியிருந்தன. 2024-இல் வந்த இறுதி அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. அந்தச் சம்ப் தொட்டிகளின் வடிவமைப்பே சோலாஸ் கேட்ட அளவுக்கு இல்லை.

இந்த நிகழ்ச்சியில் விதி எங்கே இருக்கிறது என்று தேடிப்பார்த்திருக்கிறேன். எண்ணெயின் மட்டம் ஒருவர் கையில் இருந்தது. தொட்டியின் வடிவம் இன்னொருவர் கையில். நின்றுபோன நான்காவது எஞ்சினோடு புறப்படுவதா என்பது வேறொருவர் கையில். காற்று மட்டும்தான் யார் கையிலும் இல்லை. அது வரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. 2015 அக்டோபர் 1 அன்று பஹாமாஸ் அருகே ஹுவாக்கின் சூறாவளியில் 33 பேரோடு மூழ்கிய 'எல் ஃபாரோ' நீராவிக் கப்பலிலும் இதே கதை உண்டு. அதன் எண்ணெய் உறிஞ்சுவாய் நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கம் தள்ளி இருந்தது. கப்பல் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. டர்பைனுக்கு எண்ணெய் போகவில்லை. வாழ வேண்டிய வயதில் போனவர்களுக்காக அழுகிற வீட்டில் ஆண்டவர் சித்தம் என்று சொல்வது வேறு. குழாயின் இடத்தைக் குறித்த மேசையில் அதைச் சொல்வது வேறு.

விவிலியத்தில் யோனாவின் கதையில் எல்லாரும் மீனைத்தான் நினைவு வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கப்பலின் மாலுமிகளைத்தான் பிடிக்கும். புயல் வந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் தெய்வத்தைக் கூப்பிடுகிறார்கள். கூடவே சரக்கைக் கடலில் எறிந்து கப்பலை இலேசாக்குகிறார்கள். பிறகு சீட்டுப் போட்டு, புயல் யோனாவால் வந்தது என்று தெரிந்துகொள்கிறார்கள். என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள், கடல் அடங்கும் என்று அவரே சொல்லிவிடுகிறார். காரணம் தெரிந்துவிட்டது, கடவுளின் எண்ணமும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர்கள் அவரைத் தூக்கவில்லை. கரை சேர்ந்துவிடலாம் என்று தண்டு வலிக்கிறார்கள். முடியாது என்று கைகள் சொன்ன பிறகுதான், மன்னிப்புக் கேட்டு மன்றாடிவிட்டு, அவரைக் கடலில் விடுகிறார்கள். இது கடவுளின் வேலை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகும் ஓர் உயிருக்காக எதிர்த்துத் தண்டு வலித்தவர்களை அந்த நூல் ஒரு சொல்கூடக் கண்டிக்கவில்லை. என் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை.

எங்கள் கரை இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்து எங்கள் ஆண்கள் திரும்பாமல் போனபோது கோவில்களில் இரவும் பகலும் செபம் நடந்தது. அதே சனங்கள்தான் டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, ஆழ்கடலில் தேடுங்கள் என்று கேட்டார்கள். கையில் செபமாலையோடு தண்டவாளத்தில் உட்கார்வதில் அவர்களுக்கு எந்த முரணும் தெரியவில்லை. முரண் இல்லைதான்.

ஆனால் எல்லாவற்றையும் எதிர்த்து நிற்பதும் சரியல்ல என்பதை மவுண்டிங் வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. எஞ்சினைப் படகின் பெட்டில், அதாவது அது உட்காரும் சட்டத்தில், இறுக்கிப் போல்ட் போட்டால் அதன் அதிர்வு முழுக்கப் படகின் உடலுக்குப் போகும். நாளடைவில் வெல்டிங் விடும், உறங்குகிறவன் தலைமாட்டில் இரவெல்லாம் இரையும். அதனால் ரப்பர் மவுண்டிங் வைத்து எஞ்சினை ஆட விடுகிறோம். எஞ்சினின் பாரத்தில் ரப்பர் 6 மில்லிமீட்டர் அமுங்கினால் அதன் இயல்பான ஆட்டம் நொடிக்கு ஏறக்குறைய 6.4 தடவை. நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் எஞ்சின் நொடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. இரண்டும் இவ்வளவு விலகி இருப்பதால், சுற்றுக்கு ஒரு தரம் வரும் உதறலில் பத்தில் ஒரு பங்குகூடப் படகுக்குப் போகாது. கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டும் ஏறக்குறைய 385 சுற்றைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில் எஞ்சின் குலுங்கும். அதைத் தடுக்க முடியாது. எல்லை மீறிப் போகாமல் பிடிக்க ஒரு தடுப்பு மட்டும் வைக்கலாம்.

ஏற்றுக்கொள்வது என்றால் எனக்கு இதுதான். எதை ஆட விடுவது, எவ்வளவு தூரம், எங்கே பிடிப்பது என்பதைத் தீர யோசித்துச் செய்யும் வேலை. அதற்கும் விலை உண்டு. மென்மையான ரப்பரில் நிற்கும் எஞ்சின் படகைவிட இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். அந்தக் கூடுதல் டிகிரியைச் சம்ப் தாங்க வேண்டும். மவுண்டிங் வரைகிறவர் ஒருவர், சம்ப் வரைகிறவர் ஒருவர் என்று பிரித்துக்கொடுத்தால் இந்த டிகிரி இருவர் கணக்கிலும் வராமல் போய்விடும் ஆபத்து இருக்கிறது. அதனால் இரண்டையும் நானே வரைகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

23-வது டிகிரிக்கு வருகிறேன். மூடிய உயிர்காப்புப் படகின் எஞ்சினுக்குச் சட்டம் என்ன கேட்கிறது தெரியுமா? படகு தலைகீழாகக் கவிழ்ந்தாலும் எஞ்சினிலிருந்து 250 மில்லிக்கு மேல் எண்ணெய் சிந்தக்கூடாது. நிமிர்ந்ததும் மறுபடி ஓட வேண்டும். 22.5 டிகிரிக்கு அப்பால் ஆண்டவர் எல்லை என்று நான் நினைத்த இடத்தில், யாரோ ஒருவர் உட்கார்ந்து 180 டிகிரிக்கு வரைந்து வைத்திருக்கிறார். ஆக, அந்தக் கோடு இயற்கை போட்டதில்லை. மனிதர்கள் கூடிப் பேசி, செலவையும் இடத்தையும் பார்த்துப் போட்டது. எங்காவது ஒரு கோடு போடத்தான் வேண்டும். எந்தப் படகுக்காரரும் தலைகீழாக ஓடும் ஜெனரேட்டருக்குப் பணம் தர மாட்டார். ஆனால் போட்டது நாம் என்று கையெழுத்திட வேண்டும். அந்தப் பக்கம் நடப்பதைக் கடவுள் மேல் எழுதிவிட்டுப் போகக்கூடாது.

மாமாவின் எஞ்சினுக்கு உயரத்தில் 35 மில்லிமீட்டர் குறைத்துக் கொடுத்திருக்கிறேன். நடுப்பள்ளத்தை மட்டும் குறைக்கவில்லை, அதற்காகப் பெட்டின் குறுக்குச் சட்டத்தை மாற்றி வெல்டு செய்யச் சொன்னேன். பட்டறையில் எஞ்சினைச் சாய்மேடையில் ஏற்றி, லோடு கொடுத்து, இரு பக்கமும் சாய்த்து ஆயில் கேஜைப் பார்ப்பது வழக்கம். வழக்கமாக டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் அதைச் செய்வார்கள். நான் கீழ்க்கோட்டில் வைத்துச் செய்கிறேன். கடலில் முப்பதாவது நாள் எண்ணெய் அங்கேதான் இருக்கும். கீழ்க்கோட்டில் கிடைக்கும் டிகிரி எதுவோ அதைத் தகட்டில் பொறித்து, எஞ்சின் அறைக் கதவில், டிரைவர் கண்ணில் படும் உயரத்தில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.