விற்ற வண்டியும் விற்காத குறையும்

ஒரு பொருளை உடைமையாகக் கொண்டவன் அப்பொருளின்பால் ஆற்ற வேண்டிய கடமை யாது? அப்பொருள் அவன் கையைவிட்டு நீங்குங்கால் அக்கடமையும் உடன் நீங்குமோ, அன்றி அதில் ஒரு பகுதி அவனிடமே தங்குமோ? இவ்வினாவை நாம் ஏடுகளில் தேடி எடுத்தோமல்லோம். தாராவியில் நாம் வைத்திருந்து விற்றுவிட்ட பழைய லாம்பிரெட்டா ஸ்கூட்டர் ஒன்றே இதனை நமக்குக் கற்பித்தது. அன்பர்களுக்கும் பயன்படுமென்று கருதி, நம் பிழையையும் மறையாது இங்கு எழுதத் துணிந்தோம்.

முதலில் அவ்வண்டியின் பிறப்பைச் சிறிது கூறுவோம். இரண்டாம் உலகப் போரால் நலிந்த இத்தாலி நாட்டில், மோட்டார் கார் வாங்க இயலாத எளியோர்க்கென இரு சிறு வண்டிகள் தோன்றின. 1946-ஆம் ஆண்டில் பியாஜியோ நிறுவனத்தார் வெஸ்பாவை வெளியிட்டனர். அதனை வகுத்தவர் கொர்ராடினோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியியல் வல்லுநர். மறு ஆண்டில், மிலான் நகரத்து லாம்பிராத்தே பகுதியிலிருந்த இன்னொசெந்தி நிறுவனத்தார் லாம்பிரெட்டாவை வெளியிட்டனர். 1950-களில் பம்பாயைச் சேர்ந்த ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார் லாம்பிரெட்டாவை நம் நாட்டில் பூட்டி விற்றனர். 1960-களில் பஜாஜ் நிறுவனத்தார் உரிமம் பெற்று வெஸ்பாவைச் செய்தனர். அவ்வுரிமம் 1971-இல் முடிவுற்றது. இன்னொசெந்தி நிறுவனமும் அவ்வாண்டிலேயே லாம்பிரெட்டாவை நிறுத்திவிட, அதன் இயந்திரங்கள் 1972-இல் அமைந்த ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் வழியாக லக்னோ நகரம் வந்து சேர்ந்தன.

அக்காலத்தில் புதிய ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் பலர். ஆதலின் பழைய வண்டிக்கு மதிப்பு மிகுதி. ஒரே வண்டி நான்கைந்து கைகள் மாறி, ஒவ்வொரு கையிலும் ஓர் உறுப்பை இழந்து வேறோர் உறுப்பைப் பெற்று ஓடிக்கொண்டிருந்தது. நாமும் 150 சி.சி. லாம்பிரெட்டா ஒன்றை மூன்றாம் கையாகவே வாங்கினோம். 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தில் நம் குடியிருப்பு. வேலைக்கும், மாட்டுங்காச் சந்தைக்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும் அதுவே ஊர்தி. ஓட்டுநர் முன்னே ஒரு பிள்ளை நிற்க, பின்னே மனைவி அமர, அவர் மடியில் இன்னொரு பிள்ளை இருக்க, ஒரு குடும்பமே அதில் சென்றது.

அவ்வண்டி அன்றாடம் கவனிப்பை வேண்டியது. இருவீச்சு எஞ்சினாதலின் அதற்கு உயவெண்ணெய் தனியே செல்வதில்லை. பெட்ரோலுடன் கலந்தே செல்ல வேண்டும். நம் வண்டிக்கு 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி எண்ணெய் கணக்கு. எண்ணெய் மிகுந்தால் பிளக்கில் கரி படிந்து பொறி எழாது. சைலன்சரிலும் கரி அடைந்து வண்டி இழுக்காது. எண்ணெய் குறைந்தாலோ பிஸ்டன் சூடேறிச் சிலிண்டருடன் இறுகி, ஓடும்போதே நின்றுவிடும். கிராங்கின் ஓரத்து ஆயில் சீல் தேய்ந்தால் அவ்வழியே காற்றுப் புகுந்து கலவை மெலியும். அதனாலும் அதே கேடு விளையும். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் தேங்கும் நீரில் இறங்கி ஏறினால் பாயின்ட்டில் ஈரம் படியும். உப்புத் தாளெடுத்துத் தேய்த்தபின்தான் உயிர் வரும். கியர் கம்பியும் கிளச்சுக் கம்பியும் இழை இழையாக அறுந்து, கடைசி இழை நடுச்சாலையில் அறும்.

வண்டி கிளம்பாவிடில் அதனை ஒருபுறம் சாய்த்து ஆட்டிவிட்டு உதைப்பது நம் மக்களின் வழக்கம். சில வேளைகளில் அது பலிக்கும். ஆனால் கார்புரேட்டரின் ஜெட்டில் தூசி அடைத்திருந்தால், சாய்த்ததால் கிளம்பிய வண்டி அத்தூசியுடனேயே செல்கிறது. அடுத்த நாளும் சாய்க்க வேண்டியதே. ஜெட்டைக் கழற்றி ஊதித் துடைத்தவனுக்கே குறை நீங்கும்.

இங்கு அன்பரொருவர் முன்பு நம்மை வினவியதுண்டு: “பற்றை விடுக என்பது அறமாக இருக்க, ஓர் இரும்பு வண்டியைத் துடைத்தும் எண்ணெயிட்டும் பேணுவது பற்றன்றோ?” என்று. அன்று அல்லவென்று விடை கூறினோம். விநயபிடகத்தில் உதேன மன்னனுடைய வரலாறு ஒன்றுண்டு. தன் அரண்மனை மகளிர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு ஆடைகள் அளித்ததைக் கேட்ட அம்மன்னன், இத்தனை ஆடை துறவிக்கு எற்றுக்கு என்று வினவினான். கந்தையணிந்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் தேரர். அவர்களுடைய பழைய ஆடைகள் என்னாகும் என்று மன்னன் மேலும் மேலும் கேட்க, அவை விரிப்பாகும், பின் மெத்தையுறையாகும், தரை விரிப்பாகும், கால் துடைக்கும் துணியாகும், தூசி தட்டும் துணியாகும், முடிவில் மண்ணுடன் குழைத்துத் தரை மெழுகப் பயன்படும் என்று விடை வந்தது. தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாத சங்கத்தாரே ஒரு கந்தைத் துணியை இவ்வளவு பேணினர். ஆகவே பற்றின்மை வேறு, புறக்கணிப்பு வேறு. பிறருடைய உழைப்பால் ஆகிய பொருளை வீணாக்காது காப்பது கடமையே ஆகும்.

ஆனால் அப்பேணலிலிருந்து பிறக்கும் வேறொரு கடமையை நாம் அன்று உணர்ந்திலோம். நாள்தோறும் வண்டியைக் கழற்றிப் பூட்டுபவனுக்கு அதன் குறைகள் தெரியும், பிறருக்குத் தெரியா. அந்த அறிவே ஒரு கடன். அதனை யாரிடம், எப்பொழுது தீர்ப்பது?

1990-களின் நடுவில் நம் வண்டியின் பின் சக்கரத்தில் ஒரு ‘டக்’கென்னும் ஓசை எழுந்தது. கிளம்பும்போது ஒருமுறை, பிரேக் பிடிக்கும்போது ஒருமுறை. இவ்வண்டியின் பின் சக்கரக் குடம், கியர்ப் பெட்டியிலிருந்து வரும் தண்டின் நுனியிலுள்ள பற்களில் பொருந்தி, ஒரு பெரிய நட்டினால் இறுக்கப்பட்டிருக்கும். நட்டு தளர்ந்து நெடுநாள் ஓடினால், குடம் அசைந்து அசைந்து அப்பற்கள் தேய்ந்துபோகும். தேய்ந்தபின் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு நில்லாது. குடத்தை மாற்ற வேண்டும், தண்டும் தேய்ந்திருந்தால் அதனையும் மாற்ற வேண்டும். முன்சொன்ன குறைகளுட் பெரும்பாலன ஓட்டுபவனை நடக்கவைக்கும்; அவ்வளவே. இக்குறையோ பின்னமர்ந்தவரையும் கீழே தள்ளவல்லது.

நமக்குப் பழக்கமான மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். “அண்ணாச்சி, நட்ட முறுக்கித் தாரேன். ஆனா இது நிக்காது, குடத்தயே மாத்தணும்” என்றார். அம்மாதம் மகளின் கல்லூரிக் கட்டணம் வேறு நின்றது. வண்டியை விற்றுவிடுவதென்று முடிவு செய்தோம். தரகர் ஒருவர், “முறுக்கிக் குடுத்துருங்க, கொஞ்ச நாள் ஓடும், பெறகு அவம்பாடு” என்றார். நாம் அவரை மறுத்துரைக்கவில்லை.

வாங்க வந்தவர் செம்பூரில் ஃபிட்டர் வேலை பார்த்த இளைஞர். மணமாகி ஓராண்டும் ஆகாதவர். விளக்கை எரித்துப் பார்த்தார். ஹாரனை அழுத்திப் பார்த்தார். எஞ்சின் ஓசையைக் கேட்டார். பின்பு, “அண்ணாச்சி வச்சிருந்த வண்டி. குறை இருந்தா நீங்களே சொல்லிருப்பீங்க” என்று கூறிப் பணத்தை எண்ணி வைத்தார். நாம் ஒன்றும் கூறினோமில்லை. உடைமை மாற்றத்திற்குரிய படிவம் 29-லும் 30-லும் கையெழுத்திட்டோம். அவற்றில் பெயருக்கும் முகவரிக்கும் எஞ்சின் எண்ணுக்கும் இடமுண்டு. குறையை எழுதுதற்கு இடமில்லை.

பன்னிரண்டாம் நாள், சயானுக்கு அருகே சக்கரம் ஆடி வண்டி சரிந்தது. அவர் மனைவியின் கை எலும்பு முறிந்தது. மறுநாள் மாலை அவர் நம் இல்லம் வந்தார். ஏச்சுமில்லை, பூசலுமில்லை. ஒன்றே கேட்டார்: “ஒங்களுக்கு முன்னமே தெரியுமா அண்ணாச்சி?” தெரியும் என்றோம். சிறிது நேரம் வாயிலில் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு நம் உள்ளம் நமக்காக வழக்காடத் தொடங்கியது. அவ்வழக்கை இங்கு முறையாக ஆராய்வோம்.

“நாம் பொய்யேதும் புகன்றோமில்லையே” என்பது முதல் வாதம். இதற்குச் சட்டத்திலும் நிழலுண்டு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வெறும் மௌனம் பொதுவாக மோசடியாகாது என்கிறது; குதிரையின் குறையை அறிந்தும் அதனை ஏலத்தில் வாய் திறவாது விற்றவனை அது எடுத்துக்காட்டுகிறது. ஆனால் அப்பிரிவே மற்றோர் எடுத்துக்காட்டும் தருகிறது. நீ மறுக்காவிடில் குதிரை நலமென்றே கொள்வேன் என்று வாங்குவோன் சொல்ல, விற்போன் வாளாவிருப்பானாயின், அவன் மௌனம் பேச்சேயாகும் என்பது அது. செம்பூர் இளைஞர் கூறியதும் இதுவேயன்றோ?

இவ்வுண்மையைச் சட்டம் கூறுமுன்னரே சங்கம் கண்டிருந்தது. உபோசத நாளில் பாதிமோக்கம் ஓதத் தொடங்குங்கால், குற்றமுடையோர் வெளியிடுக, மௌனமாயிருப்போரைத் தூயர் என்றே கொள்வோம் என்று அறிவிக்கப்படுகிறது. குற்றம் நினைவிலிருந்தும் வாய் மூடியிருப்பவன் அறிந்து பொய்யுரைத்தவனாகிறான். எங்கே ஒருவன் நம் மௌனத்தை விடையாகக் கொள்வானென்று நாம் அறிவோமோ, அங்கே மௌனமும் சொல்லே. முசாவாதத்தினின்று விலகுவோம் என்று ஏற்றுக்கொண்ட சீலம், நாவை மட்டும் கட்டுவதன்று.

“வண்டி என்பதே உறுப்புகளின் கூட்டம். குடம் தேய்ந்தது, நட்டு தளர்ந்தது, சாலை பழுதாயிருந்தது. இதில் நாம் எங்கே வந்தோம்?” என்பது இரண்டாம் வாதம். மிலிந்த மன்னனுக்கு நாகசேன தேரர் தேரைக் காட்டிக் கூறிய விளக்கத்தை நம்மவர் நன்கறிவர்: அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, நுகம் தேரன்று; இவை கூடியவிடத்துத் தேரென்பது வழக்கு. இதனைக் கற்றோர்க்கு இவ்வாதம் இனிக்கும். ஆனால் அதே மிலிந்த பன்ஹாவில் மாங்கனிக் கள்வனின் உவமையும் உண்டு. பிறனுடைய மாங்கனிகளைக் கவர்ந்தவன், “இவன் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு, ஆகவே குற்றமில்லை” என்று வாதிட்டால் விடுதலை கிட்டுமோ என்று தேரர் வினவ, கிட்டாது என்கிறான் மன்னன், முன்னதிலிருந்தே பின்னது தோன்றியமையால். உறுப்புகள் மாறலாம், உடைமையாளன் பெயரும் மாறலாம். நம் மௌனத்திலிருந்து தொடங்கி அப்பெண்ணின் முறிந்த கைவரை சென்ற தொடரில் கண்ணி ஒன்றும் அறுபடவில்லை. அநாத்ம உண்மை நம் செருக்கை அறுப்பதற்கு உரியது. நம் கணக்கை அழிப்பதற்கு அன்று.

“கையில் பொருளில்லையே” என்பது மூன்றாம் வாதம். இது மெய். ஆனால் வாங்கியவர் கையிலும் பொருளில்லை. ஆதலினன்றோ அவர் நான்காம் கை வண்டியைத் தேடி வந்தார்! எளியோர் எளியோரிடம் வாங்கும் நம் தெருக்களில், மறைத்த குறை ஒருவரிடமும் தங்குவதில்லை. இன்னும் எளியவரிடம் இறங்கிச் செல்லும். குறையைக் கூறி, குடத்தின் விலையைக் கழித்துக்கொள்க என்றிருந்தால், நாம் இழந்திருப்பது சில நூறு ரூபாயே.

வைத்தியச் செலவை நாம் அளித்தோம், அவரும் கொண்டார். புதிய குடம் பூட்டி அவ்வண்டியையே நெடுநாள் ஓட்டினார். செம்பூர் நிலையத்தில் எதிர்ப்படின் தலையசைப்பார், நின்று பேசமாட்டார். அது நீதியே என்று ஏற்றுக்கொண்டோம்.

அவ்வண்டிகள் இன்று சாலையில் அரிய காட்சியாகிவிட்டன. ஆயினும் கைமாறும் பொருள்கள் குறைந்தனவல்ல. தையல் இயந்திரமும், குளிர்ப்பெட்டியும், கைபேசியும், குடியிருக்கும் அறையும் நாள்தோறும் கைமாறுகின்றன. அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே: ஒரு பொருளை விற்கப் புகுமுன், அதைப் பேணிய நாள்களில் நீவிர் அறிந்த குறைகளை ஒரு தாளில் எழுதி, பத்திரங்களுடன் சேர்த்து வாங்குவோர் கையில் கொடுங்கள். நாமும் அன்றுமுதல் அவ்வாறே செய்து வருகிறோம். விலை குறையும். ஆயினும் பொருளோடு சேர்த்து அதைப் பற்றிய அறிவையும் ஒப்படைத்தவனே அதனை முற்றும் விற்றவனாவான். மற்றவன் அதன் ஒரு பகுதியை இன்னும் சுமந்து திரிகிறான்.