சுவரிடம் சொன்னவள்

போன பருவத்தில் எங்கள் கல்லூரிக் கூட்டம் ஒன்றில் படம் போட்டுக் காட்டினார்கள். முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளை ரோபோ. பெரிய கண்கள், பேசப்பேசத் தலையாட்டும். மனநல ஆலோசனை அறையில் வைத்தால் மாணவிகள் கூச்சமில்லாமல் மனம் திறப்பார்களாம். குரல் பெண் குரல். ஏன் என்று கேட்டேன். "அதுதான் மேடம் ஆறுதலா இருக்கும்" என்றார் காட்டியவர். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது பெண்பிள்ளை வேலை என்பதை எந்திரத்துக்கும் பழக்கிவிட்டார்கள்.

இது புதிதுமல்ல. 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய உரையாடல் நிரலுக்கு எலிசா என்று பெயர். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மாலியன்' நாடகத்தில் ஆண் பேராசிரியர் ஒருவர் 'ஒழுங்காக'ப் பேசக் கற்றுக்கொடுக்கும் பூக்காரப் பெண்ணின் பெயர் அது. நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் அந்த நிரலின் வித்தை. அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரிந்த வைசன்பாமின் செயலாளரே, அதனோடு சற்று நேரம் பேசியதும் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். வைசன்பாம் அதிர்ந்துபோனார். பிற்பாடு இந்த மயக்கத்தைக் கண்டித்துப் புத்தகமே எழுதினார். எனக்கு நினைப்பெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். முதலாளி இல்லாத ஓர் அறை அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

மறுநாள் முதுகலை வகுப்பில் இந்த ரோபோ கதையைச் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அது எங்க வீட்டுக்குப் போன் பண்ணாதுங்களே மேம்?"

நான் பண்ணியிருக்கிறேன்.

பத்து வருடம் இருக்கும். இளங்கலை இரண்டாமாண்டு மாணவி. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்று வந்தாள். மூன்றாவது முறை வந்தபோதுதான் காரணத்தைச் சொன்னாள். வேறு சாதிப் பையன். அவளைவிட நான்தான் அதிகம் பயந்தேன். பயத்துக்குக் காரணமும் இருந்தது. தோழியோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜை 2015இல் கொன்ற வட்டாரம் இது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், கௌசல்யாவின் கண்ணெதிரே சங்கரை வெட்டினார்கள். அம்மாவிடம் மட்டும் பக்குவமாகச் சொல்லிவைப்போம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு போன் செய்தேன். "சரிங் மேடம், நாங்க பாத்துக்கறமுங்" என்றார் அந்த அம்மா. திங்கட்கிழமை அவள் வரவில்லை. ஆவணியில் கல்யாணப் பத்திரிகை வந்தது, மூலையில் மஞ்சள் தடவி.

சங்க இலக்கியம் நடத்தி ஊதியம் வாங்குகிறவள் நான். தலைவியின் காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்துவதற்கு நம் அக மரபில் 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் அண்ணன்மாருக்கும். ஒவ்வொருத்தியும் அவள் பக்கம் நின்றுகொண்டுதான் சொல்கிறாள், அவள் விரும்பியவனுக்கே அவளைக் கொடுப்பதற்காக. இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! நான் சொன்னபோது யார் பக்கம் நின்றேன்?

ஆகவே கடைசி பெஞ்சுக்காரியின் கேள்வியை அறியாமை என்று தள்ள எனக்கு வாயில்லை. 2022இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 8 முதல் 13 வயதுவரையுள்ள 28 குழந்தைகளை, 60 சென்டிமீட்டர் உயர 'நாவோ' ரோபோவோடு பேசவைத்துப் பார்த்தார்கள். அதுவரை வேறெவரிடமும் சொல்லாததைச் சில குழந்தைகள் அதனிடம் சொன்னார்கள். சொல்லிவிட்டால் திட்டாது, முகம் சுளிக்காது. நம்மைப் பற்றிய சான்றிதழ் அது.

ஏ.கே. ராமானுஜன் தன் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் சேர்த்திருக்கும் தமிழ்க் கதை ஒன்று. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்களிடம் வதைபடும் ஒரு கைம்பெண். சொல்ல ஆளில்லாமல் உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. ஒருநாள் ஊருக்கு வெளியே ஒரு பாழ்வீட்டுக்குள் போய், ஒவ்வொரு சுவரிடமும் ஒவ்வொருவர் செய்ததைச் சொல்கிறாள். சொல்லச்சொல்ல நான்கு சுவர்களும் ஒன்றன்பின் ஒன்றாக இடிந்து விழுகின்றன. இவள் உடம்பு லேசாகிறது.

சுவராவது இடிந்தது! ரோபோ இடியாது. அவள் பாரத்தில் ஒரு துளிகூட அதில் ஏறாது. சுவருக்குச் சர்வரும் கிடையாது. ரோபோவிடம் சொன்னது எங்கே சேமிக்கப்படும், யார் எடுத்துப் பார்க்கலாம் என்று கூட்டத்தில் கேட்டதற்கு, "அது கம்பெனி பாலிசி மேடம்" என்றார்கள். அந்தப் பெண்ணின் அப்பா வந்து கேட்டால் கொடுப்பார்களா என்பதற்குப் பதிலே வரவில்லை.

மதுக்கரையில் இருந்துகொண்டு எந்திரத்தையே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. 2024 பிப்ரவரியில் வனத்துறை, தண்டவாளத்தை ஒட்டிப் பன்னிரண்டு கோபுரங்களில் கேமராக்கள் பொருத்தி, யானை வருவதைச் செயற்கை நுண்ணறிவு கண்டுகொண்டு எச்சரிக்கும்படி செய்தது. தகவல் கிடைத்ததும் ரயிலின் வேகத்தைக் குறைக்கிறார்கள். யானைக்குச் சரி, ரயிலுக்குச் சொன்னால் ரயில் மெதுவாகும். ஒரு பெண் ராத்திரியெல்லாம் அழுகிறாள் என்று எந்திரம் கண்டுபிடித்தால் யாருக்குச் சொல்லும்? இங்கே பல வீடுகளில் ரயிலே அப்பாதான். சில வீடுகளில் அம்மாவும்.

என் கருத்தை எழுத்தில் கேட்டார்கள். வாங்குவதானால் வாங்குங்கள், ஆனால் வாரத்துக்கு ஒருநாள் வரும் ஆலோசகரை முதலில் முழுநேரமாக்குங்கள் என்று எழுதினேன். மாணவி சம்மதமில்லாமல் வீட்டுக்குச் சொல்வதில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு, அப்போதும் யாருக்குச் சொல்கிறோம் என்பதை அவளிடம் சொல்லிவிட்டுத்தான். இதை விதியாக்கி அறைக் கதவில் ஒட்டச் சொன்னேன். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416ஐ விடுதிக் குளியலறைகளில் எழுதிவைக்கச் சொன்னேன். இருபத்து நான்கு மணிநேரமும் மனிதர் எடுப்பார். எண்ணை மட்டும் எழுதிவிட்டார்கள். மற்றது பரிசீலனையில் இருக்கிறது.

சென்ற தைப்பூசத்தன்று மருதமலை அடிவாரத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று. "நல்லாருக்கீங்ளா மேம்?" என்றாள். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கனுங்" என்றே பதில் சொன்னாள்.